ஊறுகாய்க் கல்

தெருஹிகோவின் முழங்கால் வீங்கியதற்கு
மருத்துவர் சொன்ன காரணம் தேய்மானம்.
தெருஹிகோ நம்பும் காரணம் வேறு:
இருபத்தாறு வயதில் இவாகி மலையின் உச்சியிலிருந்து
ஒரு கல்லைப் பையில் போட்டு இறக்கிவிட்டார்.
முள்ளங்கித் தொட்டியின் மூடிமேல்
வைத்து அழுத்த அளவான கல்.
சாமி வீட்டுப் பொருள்.

முப்பத்தொன்பது குளிர்காலம்
சமையற்கட்டின் பின்புறம் உட்கார்ந்திருந்தது.
முதல் பதினொன்று மிசாவோவின் கையில்,
மிச்சம் என் கையில்.
பிரிந்தபோது அவள் தையல் எந்திரத்தைக் கொண்டுபோனாள்.
கல்லைக் கேட்கவில்லை.

"திருப்பி வைத்துவிட்டு வாருங்கள்" என்று
எங்கள் இருவரையும் அனுப்பிவைத்தார்
சோபாவில் கால் நீட்டி
ஐஸ் பொட்டலமும் பேஸ்பாலுமாக.
மூத்தாளும் இளையாளும்
ஒரே பஸ், வேறுவேறு இருக்கை.
கல்லுக்கு என் மடி.

அடிவாரக் கோயிலில் கைதட்டி வணங்கினோம்.
காட்டுக்குள் முதியவள் கல் என்றொரு பாறை.
அந்தக் காலத்தில் பெண்களுக்கு
அதுவரைதான் அனுமதி.
மிசாவோ அதன் பக்கத்தில் குந்தி
பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள்.
"இங்கேயே வைத்துவிட்டுப் போனால் யாருக்குத் தெரியும்?"
"முழங்காலுக்குத் தெரியும்."

ஆறு கிலோ.
அரை மணிக்கு ஒருதரம் தோள் மாற்றிக்கொண்டோம்.
பையின் வார்கள் நனைந்தே வந்து சேரும்;
அவள் வியர்வைமேல் என் வியர்வை.
எனக்குப் புதிதில்லை.
அவள் அடித்த ஆணியில்தான்
இன்றைக்கும் காலண்டர் தொங்குகிறது.

கரடிக்காக அவள் கட்டிய மணி
எனக்கு முன்னால் கிணுகிணுவென்று போயிற்று.
ஊற்றில் தண்ணீர் பிடிக்கும்போது,
பல் கூசும் குளிர்ச்சியில்,
திரும்பாமலே சொன்னாள்:
"எடுத்து வரச் சொன்னதே நான்தான்.
தொட்டிக்கு நல்ல கல் இல்லையென்று
அந்த வாரம் முழுக்க நச்சரித்தேன்."
நான் பாட்டிலை மூடினேன்.
அடுத்த முறை என்னுடையது,
பையை அவளே மாட்டிக்கொண்டாள்.

மேலே ஒரு சின்னக் குளம்.
காகிதத்தில் அரிசியும் காசும் வைத்து மிதக்கவிட்டு
வரும் விளைச்சலைக் கேட்பார்கள்.
மிசாவோ காகிதம் தேடவில்லை.
பத்து யென்னை அப்படியே போட்டாள்.
முழுகிற்று.
"பதில் வந்துவிட்டது" என்றாள், சிரிக்காமல்.

அதன் பிறகு பாதை இல்லை, பாறைதான்.
நாலு காலில் ஏறினோம்.
கைக்குக் கீழே எல்லாமே
ஒருகாலத்தில் கஞ்சியாகக் கொதித்தவை,
பொங்கி வழிந்து, ஆறி,
இப்போது என் உள்ளங்கையைக் கிழிக்கின்றன.

உச்சியில் புகையில்லை. காற்றுதான்.
கீழே தோட்டங்களில்
ஆப்பிளின் அடிவயிறும் சிவக்கட்டும் என்று
மரத்தடியில் விரித்த வெள்ளித்தாள்கள்
கண்ணைக் கூசின.
அதற்கு அப்பால் கடல்.

கல்லை எடுத்தோம்.
எங்கே வைப்பது? அவருக்கும் நினைவில்லை.
எங்கு பார்த்தாலும் அதே நிறம், அதே பருமன்.
கோயில் வேலிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
தலை குனிந்து நிமிர்வதற்குள்
எது எங்களுடையது என்று தெரியவில்லை.

மிசாவோ மண்டியிட்டாள்.
ஒவ்வொரு கல்லாக மோந்து பார்த்தாள்.
ஏறி வந்த கல்லூரிப் பிள்ளைகள் ஒதுங்கி நடந்தார்கள்.
"இது."
நானும் குனிந்து மோந்தேன்.
உப்பு, தவிடு, புளித்த முள்ளங்கி.
மழை பெய்தால் போய்விடும் என்றேன்.
"இரண்டு மூன்று மழை ஆகும்" என்றாள்.

போனில் சிக்னல் இருந்தது.
"கால் எப்படி?"
"இரண்டு ரன் பின்தங்கியிருக்கிறோம்" என்றார்.

இறங்கும்போது என் இடது முழங்கால் குத்தியது.
சொல்லவில்லை.
அவள் வலது காலைத் தாங்கித் தாங்கி வைத்தாள்.
அவளும் சொல்லவில்லை.

பஸ்ஸில் காலிப் பை எங்களுக்கு நடுவில்.
"இந்த வருஷம் முள்ளங்கிமேல் என்ன வைப்பாய்?"
அதைத்தான் நானும்
குளத்திலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன்.
"பிளாஸ்டிக் கேனில் தண்ணீர்" என்றேன்.
"கசியும்" என்றாள் மிசாவோ.